ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் படமெடுத்துப் பதிவுசெய்ய விரும்புகிறேன்: எங்கிருந்து தொடங்குவது?

தேரிக்காடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவராகப் பணியாற்றிவிட்டுக் கடந்த மே மாதம் ஓய்வுபெற்று, சாயர்புரம் பக்கத்தில் உள்ள எங்கள் சொந்த ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறேன். ஊருக்குத் தென்புறம், பனைவிளையை ஒட்டி, எங்கள் சபையின் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியும் பூவும் எடுத்துக்கொண்டு போனபோது, என் தந்தையைப் பெற்ற ஆச்சியின் கல்லறையை அரை மணி நேரம் தேடியும் காணவில்லை. அது இருந்த இடத்தில் வேறொரு குடும்பத்தார் டைல்ஸ் ஒட்டிய புதுக் கல்லறை கட்டியிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. முப்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் ஒருவர்கூட வந்து வெள்ளையடிக்காத ஒரு மேட்டைப் பார்த்து, அதற்கு உரியவர் யாரும் இல்லை என்று அவர்கள் நினைத்ததில் தவறு காண முடியாது.

ஆச்சியின் தலைமாட்டில் நட்டிருந்த கற்பலகை, வாசலுக்கு அருகே தண்ணீர்க் குழாயின் அடியில் குடம் வைக்கும் கல்லாகக் கிடந்தது. குடத்தின் அடி உரசி உரசி நடுப்பகுதி வழவழப்பாகிவிட்ட அந்தப் பலகையில், மேல் வரியில் ‘த்தாய்’ என்பதும், கீழ் வரியில் ‘நித்தி’ என்பதும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அவருடைய பெயர் எனக்குத் தெரியும் என்பதால் ‘த்தாய்’ என்பதற்கு முன்னால் என்ன இருந்திருக்கும் என்று சொல்ல முடிந்தது. என் பிள்ளைகளால் அதைச் சொல்ல முடியாது.

தோட்டத்தில் நானூறு கல்லறைகள் வரை இருக்கலாம் என்பது என் மதிப்பீடு. நான் படிக்க முடிந்தவற்றுள் மிகப் பழையது 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. உடல்நலமும் நேரமும் இருக்கும்போதே இவை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் படமெடுத்து, எழுத்துகளைப் படியெடுத்து, வரைபடத்தோடு ஒரு பதிவாக்கி வைத்துவிட வேண்டும் என்று முடிவுசெய்திருக்கிறேன். அளப்பதும் வரைவதும் எனக்குப் பழகிய வேலை. படமெடுப்பதும் பழைய எழுத்தைப் படிப்பதும் பழகாதவை. யாரிடம் அனுமதி கேட்பது முறை, சுண்ணாம்பு அடைத்துக்கொண்ட எழுத்தை எப்படிப் படிப்பது, சில கற்களில் காணப்படும் ௵, ௴ போன்ற குறிகளையும் பழைய எண்களையும் எப்படிப் பெயர்த்து எழுதுவது, எடுத்த பதிவை எங்கே வைப்பது, அண்மையில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பொதுவில் வெளியிடலாமா என்ற ஐயங்கள் இருக்கின்றன. இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

கோட்டாறு ஆசிரியை

ஐயா, வணக்கம். நாகர்கோவிலில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பின், மூன்று ஆண்டுகளாக எங்கள் சேகரத்தின் (ஒரே குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) இரண்டு கல்லறைத் தோட்டங்களில் இதே வேலையைச் செய்து வருகிறேன். ஆச்சியின் கல்லைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, நான் எதற்காக இதைத் தொடங்கினேன் என்பது நினைவுக்கு வந்தது. தயவுசெய்து அந்தக் கல்லைக் குழாயடியிலிருந்து இன்றே எடுத்துப் பத்திரமான இடத்தில் சாய்த்து வையுங்கள். படமெடுப்பது பிறகு நடக்கட்டும்.

அனுமதியைப் பொறுத்தவரை, சேகர குருவானவரிடம் நேரில் பேசிய பிறகு, சேகரக் கமிட்டிக்கு என்ன செய்யப்போகிறீர்கள், எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். கல்லறை இடங்களைப் பற்றிப் பல ஊர்களில் குடும்பங்களுக்குள் வழக்கு உண்டு. வரைபடம் போடுகிறவர் நில அளவர் என்று தெரிந்தால், யாருக்கோ இடத்தை அளந்து கொடுக்கப்போகிறார் என்று பேச்சுக் கிளம்ப இடமிருக்கிறது. எனவே ‘இந்த வரைபடம் யாருடைய உரிமைக்கும் சான்று ஆகாது’ என்ற ஒரு வரியை அதில் கட்டாயம் சேருங்கள். குழி தோண்டுபவரை முதல் நாளே பார்த்துப் பேசுங்கள். எங்கள் தோட்டத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாகக் குழி தோண்டும் ஒருவர், கல்லே இல்லாத ஏறத்தாழ அறுபது மேடுகளுக்கு, இது இன்னாருடைய தாய், இது இன்ன வீட்டுக் குழந்தை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்தி அது. அவருடைய அனுமதியோடு அவர் சொன்னதை எல்லாம் அவர் குரலிலேயே பதிவுசெய்து வைத்திருக்கிறேன்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீங்களும் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக. ஆர்வத்தில் முதல் இரண்டு நாள்களிலேயே இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எந்தப் படம் எந்தக் கல்லறை என்று தெரியவில்லை. எல்லாச் சிலுவையும் ஒன்றுபோலவே இருந்தன. கைப்பேசி காட்டும் இருப்பிடக் குறிப்பு திறந்த வெளியிலேயே சில மீட்டர் முன்பின்னாக விலகும், மரத்தடியில் இன்னும் விலகும். கல்லறைகளோ இரண்டடி இடைவெளியில் நெருங்கிக் கிடக்கின்றன. ஆகவே வரைபடமும் எண்களும் முதலில், படம் அதற்குப் பிறகு. உங்களுக்கு அந்த வேலை கைவந்தது என்பதால் பாதித் தொல்லை இப்போதே தீர்ந்தது என்று சொல்வேன்.

இனி எழுத்துகளுக்கு வருகிறேன். ௳ என்பது நாள், ௴ என்பது மாதம், ௵ என்பது வருடம். ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய கற்களில் சுழியம் இருக்காது. ஆயிரத்து அறுபத்து மூன்றை ௲௬௰௩ என்று வெட்டியிருப்பார்கள். உங்கள் பக்கத்திலும் எங்கள் பக்கத்திலும் கொல்லம் ஆண்டு என்ற பழைய ஆண்டுக் கணக்கு வழங்கியது. ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824, சனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதிகளுக்கு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இரண்டையும் பதிவில் எழுதுங்கள், ஆனால் கல்லில் உள்ளதைக் கல்லில் உள்ளபடியே முதலில் எழுதிவிட்டு, கணக்கிட்டதைத் தனிப் பத்தியில் எழுதுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், எங்கள் தோட்டத்தின் வடகிழக்கு மூலையில் ஒரு சிறிய கல்லை நான் ௲௪௰௩ தை மாதம் என்று படித்து, 1868 என்று எழுதியிருந்தேன். நான்கைக் குறிக்கும் ௪ ‘ச’ போலவும், ஆறைக் குறிக்கும் ௬ ‘சு’ போலவும் இருப்பவை. இரண்டுக்கும் இடையே இருப்பது கீழே வளையும் ஒரு கோடு மட்டுமே. அந்தக் கோட்டுக்குள் பல ஆண்டுச் சுண்ணாம்பு இறுகியிருந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், கல் ஈரமாக இருக்கும்போது தற்செயலாகக் குனிந்து பார்த்தபோது அந்த வளைவு மட்டும் சற்றுக் கருத்துத் தெரிந்தது. அடுத்த நாள் குருமனை அலமாரியிலிருந்த அடக்கப் பதிவேட்டைப் பார்த்தேன். 1888 சனவரி 29, உபதேசியாரின் (சபை ஊழியரின்) மனைவி, வயது 35 என்று இருந்தது. ௲௬௰௩தான் சரி. இருபது ஆண்டு வேறுபாடு என்பது அந்தப் பெண்ணை அவருடைய மாமியாராகவே மாற்றிவிடும்.

இன்னொன்று. கல் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகார வேறுபாட்டையும் பல கற்களில் காண முடியாது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கற்களில் ணா, றா, னா ஆகியவை கால் இல்லாமல் கீழே சுழிந்தும், ணை, லை, ளை, னை ஆகியவை மேலே துதிக்கை போல வளைந்தும் இருக்கும். இந்த எழுத்துகளைப் பள்ளியில் கற்ற கடைசித் தலைமுறை நாம்தான். நாற்பது வயதுக்காரர் ஒருவரை உதவிக்கு அழைத்துப்போனேன்; நன்கு படித்தவர், ஆனாலும் அந்தத் துதிக்கை ‘லை’யைப் படிக்கத் திணறினார்.

---

கும்பகோணம் ஸ்டுடியோ

ஆசிரியை அம்மா சொன்ன ஈரக் கல்லின் செய்தி மிக முக்கியமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன். நாற்பது ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்திவிட்டு மகனிடம் ஒப்படைத்தவன் நான். தேய்ந்த எழுத்தைப் படமெடுப்பதில் கேமராவின் விலைக்குப் பெரிய பங்கு இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே எல்லாம். எழுத்துக்கு நேர் எதிரே வெளிச்சம் விழுந்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போவதுபோல் வெளிச்சம் பக்கவாட்டில் வந்தால்தான் வெட்டிய பள்ளத்துக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

இதைச் சூரியனைக் கொண்டே சாதிக்கலாம். தரையில் படுத்த பலகைக் கற்களுக்குக் காலை ஏழு மணிக்கு முன்பும் மாலை ஐந்து மணிக்குப் பின்பும் போங்கள். கிழக்கு முகமாக நிமிர்ந்து நிற்கும் கற்களுக்குக் காலை வெளிச்சம் நேரே விழுந்து எழுத்தை மறைத்துவிடும். பதினொரு மணி தாண்டி, சூரியன் தலைக்கு மேல் ஏறி, கல்லின் முகத்தை மேலிருந்து தடவும் நேரத்தில் அதே கல் நன்றாகப் பேசும். வடக்கு பார்த்த கற்களுக்கு ஆண்டின் பெரும்பகுதி நண்பகல் வெயில் படாது. உங்கள் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்பது பாகைக்குள் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்டு கடைசி வரை நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே நிற்கும். அந்தக் கற்களை அப்போதைக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.

காத்திருக்க முடியாதபோது கண்ணாடி உதவும். மூன்றடி உயரமுள்ள ஒரு கண்ணாடியை ஒருவர் சற்றுத் தள்ளி வெயிலில் பிடித்து, ஒளியைக் கல்லின் முகத்தில் பக்கவாட்டில் பாய்ச்ச வேண்டும். மற்றொருவர் கறுப்புக் குடையால் கல்லுக்கு நிழல் கொடுத்தால் எழுத்து இன்னும் துலங்கும். பளபளப்பான கறுப்புக் கிரானைட் கல்லில் படமெடுப்பவரின் உருவமும் வானமும் தெரியும்; சற்றுச் சாய்ந்த கோணத்தில் நின்று, எதிர்ப்புறத்தில் ஒரு கறுப்புத் துணியை விரித்துப் பிடிக்கச் செய்தால் அது மறைந்துவிடும்.

ஒவ்வொரு கல்லறைக்கும் குறைந்தது மூன்று படங்கள் எடுங்கள்: அக்கம்பக்கத்துக் கல்லறைகளோடு சேர்த்துத் தொலைவில் ஒன்று, கல்லை நேராக நிறைத்து ஒன்று, தேய்ந்த வரிகளைக் கிட்டத்தில் ஒன்று. முதல் படத்தில், கல்லறை எண் எழுதிய பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றை ஓரத்தில் வைத்து எடுத்துவிட்டால், பின்னால் கோப்புகள் கலைந்தாலும் எண் படத்துக்குள்ளேயே இருக்கும்.

செய்யவே கூடாதவற்றையும் சொல்ல வேண்டும். எழுத்து தெரிவதற்காகச் சாக்கட்டி தேய்ப்பது, மாவு தூவுவது, சவர நுரை பூசுவது, கம்பிப் பிரஷ் போடுவது, ஆசிட் ஊற்றுவது ஆகிய எதுவும் வேண்டாம். மாவு ஈரத்தில் பூஞ்சையை வளர்க்கும். நுரையின் இரசாயனம் கல்லின் துளைகளில் தங்கிவிடும். ஆசிட் பளிங்கைக் கரைத்தே விடும். எங்கள் பக்கத்து ஊர் ஒன்றில் ஆலய நூற்றாண்டு விழாவுக்காகக் கல்லறைகளைப் பளிச்சென்று ஆக்க வேண்டும் என்று கழிவறை கழுவும் ஆசிட்டைப் பளிங்குப் பலகைகளில் ஊற்றித் தேய்த்துவிட்டார்கள். ஈயம் வார்த்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. ஒரு பலகையில் ஈய எழுத்துகளைத் தாங்கிய ஊசித் துளைகள் மட்டுமே இருக்கின்றன. அந்தத் துளைகளின் வரிசையைக் கொண்டு நான் நான்கு எழுத்துகளை ஊகித்தேன், மீதி போய்விட்டது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் என்பதால் என் மனம் இன்னும் அதிகம் வலிக்கிறது. வெறும் தண்ணீரும், மிருதுவான நார்ப் பிரஷும், பொறுமையும் போதும். சுண்ணாம்பைச் சுரண்டாதீர்கள். சுண்ணாம்போடு கல்லின் தோலும் வந்துவிடும்.

---

காயல் மூத்தவர்

இது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களுக்கு மட்டும் உரிய வேலை அல்ல என்பதால் சில வரிகள் எழுதுகிறேன். முஸ்லிம்களான எங்களுடைய அடக்கத் தலமாகிய மையவாடியில், அடையாளமாக நடும் மீஸான் கற்களில் பெரும்பாலானவற்றில் எழுத்தே கிடையாது. அடக்கத் தலத்தை அலங்கரிப்பதும் எழுதுவதும் கூடாது என்று கருதுபவர்கள் எங்களில் பலர். ஜமாஅத்தாரிடம் கேட்டபோது, கற்களைப் படமெடுக்க வேண்டாம், இடவாரியாகப் பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவ்வாறே ஒரு நோட்டில் வரைபடம் போட்டு, மூத்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி வருகிறேன். ஆண்களைவிட அவர்களுக்கே, யார் எந்த நோன்பில் இறந்தார், எந்த மழைக்காலத்தில் அடக்கினோம் என்ற நினைவு துல்லியமாக இருக்கிறது. படம் இல்லாமலும் ஒரு பதிவு இருக்க முடியும், ஐயா. அந்தந்த இடத்தாரின் மனம் எதை ஏற்கிறதோ அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

---

அலமாரி நிழல்

பல்கலைக்கழக நூலகராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். பதிவை எங்கே வைப்பது, ஏன் வைக்க வேண்டும் என்பதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

நம் நாட்டுக் கல்லறை எழுத்துகளைத் தொகுக்கும் முயற்சி புதிதல்ல. சென்னை மாகாணத்துக் கல்லறைகளிலும் நினைவுச் சின்னங்களிலும் உள்ள எழுத்துகளை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்ற சிவில் சர்வீஸ் அதிகாரி தொகுத்து 1905இல் அரசு அச்சகத்தின் வழி வெளியிட்டார். இலங்கைக்கு அதே வேலையைப் பென்றி லூயிஸ் 1913இல் செய்தார். தெற்காசியாவில் உள்ள ஐரோப்பியக் கல்லறைகளுக்காகவே இங்கிலாந்தில் 1976இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டு, ஓய்வுபெற்ற தொண்டர்கள் பலர் ஊர் ஊராகப் போய் எடுத்த பதிவுகள் லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. கம்பெனி காலத்து ஆலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளின் படிகளும் அங்கேயே இருக்கின்றன. இவற்றையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் இவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பியரின் பெயர்கள். கலெக்டருக்கும் கேப்டனுக்கும் கல்லில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று என இரண்டு நினைவுகள் உண்டு. அதே தோட்டத்தின் மறுபுறம் கிடக்கும் உபதேசியாருக்கும், வீடு வீடாகப் போய் வேதம் வாசித்துக் காட்டிய வேதாகம ஸ்திரீக்கும், பனையேறிக்கும் அந்த ஒரு கல்லைத் தவிர வேறு எழுத்து கிடையாது. அதைப் படிக்கத் தமிழ் எண்ணும் கொல்லம் ஆண்டும் தெரிந்த ஒருவர் வேண்டும். உங்கள் தோட்டத்துக்கு அந்த ஒருவர் நீங்கள்தான், ஐயா.

கல்லில் இருப்பதை அப்படியே எழுத வேண்டும் என்பதற்கு, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் சாயர்புரத்துப் பக்கம் என்பதால் உங்களுக்கு இது நெருக்கமாகவும் இருக்கும். அங்கே ஊழியம் செய்த ஜி. யு. போப், தம் கல்லறையில் ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று எழுதச் சொன்னதாகப் பள்ளி நாள் முதல் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் 1908இல் அடக்கம் செய்யப்பட்ட ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். வால்டன் தெருவிலிருந்து உள்ளே போகும் சிறிய, மரங்கள் அடர்ந்த தோட்டம் அது. அவருடைய கல்லின் முன் நின்று எழுத்தை முழுவதும் படித்தேன். அந்த வாக்கியம் அங்கே இல்லை. ஆங்கிலத்தில், அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்றும், அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் அன்பின் அடையாளமாக இந்தக் கல்லை வைத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. இங்கிருந்து தமிழர்கள் பணம் சேர்த்து அனுப்பி ஒரு கல் நட்டிருக்கிறார்கள் என்ற உண்மை, நாம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்த கதையைவிட எனக்கு அதிக நிறைவைத் தந்தது. அந்தத் தோட்டத்தைத் தொண்டர்கள் கல் கல்லாகப் பதிவுசெய்து வைத்திருப்பதால், ஆக்ஸ்போர்டு போகாமலே இதை இன்று எவரும் சரிபார்க்கலாம்.

ஆகவே படியெடுக்கும்போது வரி எங்கே முடிகிறதோ அங்கே நீங்களும் முடியுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். ஊகித்த எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். படிக்க முடியாததற்குப் புள்ளிகள் இடுங்கள். வேத வசனங்களில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். ‘கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள்’ என்று தொடங்குவதைக் கண்டதும் மீதியை மனப்பாடத்திலிருந்து எழுதிவிடத் தோன்றும். நாம் மனப்பாடம் செய்த வசனம், முழு வேதாகமமாக 1871இல் வந்த மொழிபெயர்ப்பைச் சேர்ந்தது. உங்கள் 1859ஆம் ஆண்டுக் கல்லில் அதற்கு முந்தைய மொழிபெயர்ப்பின் சொற்கள் இருக்கலாம். கண் பார்க்காததை மனம் பார்த்துவிடும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, படங்களையும் அட்டவணையையும் மூன்று இடங்களில் வையுங்கள். அவற்றில் ஒன்றாவது உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். தாளில் அச்சிட்டுக் கட்டடம் செய்த பிரதி ஒன்று ஆலயத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். கணினிக் கோப்பைத் திறக்க வழியில்லாத காலத்திலும் தாளைப் புரட்டலாம். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்கு எழுதிக் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் ஃபைண்ட் எ கிரேவ் என்ற தளம் 1995 முதல் இருக்கிறது; உலகின் எந்த மூலையில் இருக்கும் பேரப்பிள்ளைகளும் தேட முடியும் என்பது அதன் பெரிய பயன்.

ஆனால் அண்மைக் காலத்துக் கல்லறைகளை அங்கே ஏற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ‘மண்ணில்’, ‘விண்ணில்’ என்று பிறப்பும் இறப்பும் குறித்து, புகைப்படம் பதித்து, கீழே மனைவி மக்கள் பெயரெல்லாம் வெட்டியிருக்கும் கற்கள் அவை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். சிறு குழந்தைகளின் கல்லறைகளும் தற்கொலை செய்துகொண்டவர்களின் கல்லறைகளும் பெற்றோருக்கு ஆறாத புண். எல்லாவற்றையும் படமெடுங்கள், ஆலயப் பிரதியில் சேருங்கள். பொதுவில் வைப்பதை நூறு ஆண்டு கடந்தவற்றோடும், குடும்பத்தார் தாமே இசைவு தந்தவற்றோடும் நிறுத்துங்கள்.

---

தேரிக்காடு

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கமிட்டி ஒப்புதல் தந்தது; உரிமைக்குச் சான்று ஆகாது என்ற வரியைப் படித்ததும் இரண்டு பெரியவர்கள் முகம் தெளிந்ததை நான் கண்டேன். வடமேற்கு மூலையிலிருந்து வாசல் தூண் வரை நாடா பிடித்து ஓர் அடிக்கோடு போட்டு, அதிலிருந்து இருபுறமும் செங்குத்தாக அளந்து, ஒவ்வொரு கல்லறையின் தலைமாட்டையும் தாளில் குறித்துவிட்டேன். நானூறு என்று நினைத்தது 463 ஆயிற்று. அவற்றில் 118 வெறும் மேடுகள். உடை மரமும் சீமைக் கருவேலும் மூடிய தென்மேற்குப் பகுதியில் பாம்பு இருக்கிறது என்று குழி தோண்டுபவர் சொன்னதால், அவரும் அவர் மகனும் கூட வந்து தடியால் தட்டிப் பார்த்த பிறகே இறங்கினேன். அங்கேதான் ஒரே வரிசையில் ஒன்பது சிறு கற்கள், எல்லாம் ஒன்றரை அடிக்குள், புதைந்து கிடந்தன. எட்டில் எழுத்து இல்லை.

ஆச்சியின் பலகையை வீட்டு முற்றத்தில் சாய்த்து வைத்து, மாலை வெயிலில் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். என் பேத்திதான் கண்ணாடியைப் பிடித்தாள். ‘நித்தி’ என்பதற்குப் பின்னால் ‘ரை’ தெரிந்தது, துதிக்கை இல்லாத சாதாரண ‘ரை’. அதற்குக் கீழே ஒரு வரி இருந்ததே எனக்கு அதுவரை தெரியாது: ‘௩ பிள்ளைக’ என்பது வரை படிக்க முடிகிறது. ஆச்சிக்குப் பிள்ளைகள் ஐந்து பேர் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். ௩ஐ நான் தவறாகப் படிக்கிறேனா, அல்லது அப்போது உயிரோடு இருந்தவர்கள் மூவர் மட்டுமா என்று அறிய அடக்கப் பதிவேட்டையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கேட்டிருக்கிறேன். படத்தை ஆசிரியை அம்மாவுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அந்த ஒன்பது கற்களில் எழுத்துள்ள ஒன்றைப் பற்றித்தான் கேட்க வந்தேன். வடக்கு பார்த்து நிற்கிறது. நான்கு வரிகள் இருப்பது கையால் தடவினால் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. மரம் அடர்ந்திருப்பதால் கண்ணாடி ஒளியும் போய்ச் சேரவில்லை. தண்ணீர் தெளித்துப் பார்த்தும் பயனில்லை.

---

கும்பகோணம் ஸ்டுடியோ

ஐயா, அந்தக் கல்லை இப்போது தொட வேண்டாம். மரத்தையும் வெட்ட வேண்டாம். வேர் கல்லைப் பிடித்திருந்தால் வெட்டும்போது கல் சாய்ந்துவிடும். கமிட்டியிடம் கேட்டு வடபுறக் கிளைகளை மட்டும் மே மாதத்தில் கழித்துவிடுங்கள். ஜூன் மூன்றாவது வாரம் நண்பகல் பன்னிரண்டேகால், பன்னிரண்டரைக்குச் சூரியன் வடக்கே அதன் எல்லையில் நிற்கும்; அந்தக் கல்லின் முகத்தில் மேலிருந்து சாய்ந்து வெயில் வழியும். பத்து நிமிடத்துக்கு ஒரு படமாக ஒரு மணி வரை எடுங்கள், ஒவ்வொரு படத்திலும் வேறொரு வரி தெரியும். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போகாதீர்கள். அந்த வாரம் எனக்குத் தூத்துக்குடியில் ஒரு திருமணம் இருக்கிறது. முந்தைய நாளே வந்துவிடுகிறேன். என்னிடம் உள்ள பெரிய கண்ணாடியையும் காரில் போட்டுக் கொண்டுவருகிறேன்.